கத்திரி கழிந்து ஆடி பிறக்கும் வரை: வீட்டுப் பூந்தோட்டத்தில் ஐம்பது நாள்

மே 28 வாக்கில் கத்திரி வெயில் கழிகிறது. ஜூலை 17 வாக்கில் ஆடி பிறக்கிறது. நடுவில் கிடைப்பது சரியாக ஐம்பது நாள். காட்டில் பெரிதாக வேலை இருக்காது. கோடை உழவு முடிந்திருக்கும், விதை தேடிக்கொண்டிருப்போம், வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். வாசலிலும் கொல்லையிலும் நிற்கிற பூச்செடிகளை இந்த நேரத்தில் யாரும் கண்டுகொள்வதில்லை. "வெயில்ல காஞ்சு கிடக்கு, மழை வந்தா தானா தழையும்" என்று விட்டுவிடுகிறோம். சில செடி தழையும். சில செடி தழையாது. ஏன் என்று கேட்டுப் பார்த்தால் அதில் ஒரு முழுப் பாடமே இருக்கிறது.

இயற்கை உழவு செய்கிறவர்களுக்குப் பூந்தோட்டம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். அழகுக்கும் சாமிக்கும் மட்டும் இல்லைங்க. இரண்டு காரணம் சொல்கிறேன்.

ஒன்று, தலையில் வைக்கிற பூ. மல்லி தினமும் பறிக்கிற பயிர். மருந்தடித்துவிட்டு இத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று காத்திருக்க அதில் இடமே கிடையாது. இன்று சாயங்காலம் அடித்தால் நாளை விடியற்காலை வெறுங்கையால் பறித்தாக வேண்டும். அந்தப் பூவைத்தான் குழந்தை தலையில் சூட்டுகிறோம். சோற்றுக்கு நஞ்சு வேண்டாம் என்று முடிவெடுத்த வீட்டில், பூவுக்கு மட்டும் நஞ்சு எப்படிச் சரியாகும்?

இரண்டு, ஆடிப்பட்டம். கோடைக் கடைசியில் காடு பூராவும் காய்ந்து கிடக்கும்போது தேனீக்கும் குளவிக்கும் பொறிவண்டுக்கும் சோறு கிடைக்கிற இடம் நம் வீட்டுப் பூச்செடிகள்தான். அவை இந்த ஐம்பது நாளைத் தாண்டினால்தான் ஆடியில் விதைக்கிற பரங்கிக்கும் பீர்க்கனுக்கும் கத்தரிக்கும் துணைக்கு வரும். இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டேன்.

பூவுக்கு அடித்தது காய்க்கு வந்தது

நாலு வருசத்துக்கு முந்தி ஆனி மாசம். வேலியோரம் வரிசையாக நின்ற செம்பருத்தியில் மாவுப்பூச்சி. கொழுந்தெல்லாம் சுருண்டு, பஞ்சு ஒட்டின மாதிரி வெள்ளை வெள்ளையாக இருந்தது. வேப்ப எண்ணெய் ஒரு தடவை அடித்தேன், நிற்கவில்லை. "பூச்செடிதானே, நாம தின்னப் போறதா என்ன, ஒரு தடவை மட்டும்" என்று கடையில் ஒரு மருந்து வாங்கிவந்து காலை எட்டு மணிக்கு அடித்துவிட்டேன். பூ விரிந்திருக்கிற நேரம்.

எங்கள் மாட்டுக்கொட்டகை மண்சுவரில் கொசுத்தேனீக் கூடு ஒன்று பல வருசமாக இருந்தது. மூன்றாம் நாள் அந்தத் துளைக்குக் கீழே எள்ளுக் கொட்டின மாதிரி கறுப்பாகக் கிடந்தது. குனிந்து பார்த்தால் எல்லாம் செத்த தேனீ.

ஆடியில் வழக்கம்போலப் பரங்கி போட்டோம். கொடி நன்றாக ஓடியது. பெண்பூவும் வந்தது. பிஞ்சு நெல்லிக்காய் அளவு வந்ததும் மஞ்சளாகி வெம்பி உதிர்ந்தது. ஒன்று இரண்டல்ல, வரிசையாக. உரம் போதவில்லை என்று நான் பஞ்சகவ்யம் தெளித்துக்கொண்டிருந்தேன். எங்கள் அத்தை, என் மாமியார், கொடியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏங்கண்ணு, கொடிக்குப் பசியில்ல. பூவுக்கு ஆள் வரல. விடியக்காலம் ஒரு ஈயாச்சும் இங்க பறக்குதா பாரு." பார்த்தேன். ஒன்றும் இல்லை. அதன் பிறகு தினம் காலை ஆறு மணிக்கு ஆண்பூவைப் பறித்து இதழை உரித்துவிட்டு, அந்தத் தூளைப் பெண்பூவின் நடுவில் தடவி, பத்துப் பன்னிரண்டு காய் எடுத்தோம். தேனீ சும்மா செய்துகொண்டிருந்த வேலைக்கு இரண்டு பேர் கூலி.

மாவுப்பூச்சி? ஒரு மாசத்தில் திரும்ப வந்துவிட்டது. அதைத் தின்னுகிற பூச்சியெல்லாம் செத்துப்போனதால் முன்னைவிட அதிகமாகவே வந்தது.

அன்றிலிருந்து இந்த ஐம்பது நாளைக் கணக்குப் போட்டு வேலை செய்கிறோம். அந்த முறையைப் பாடமாக இங்கே தருகிறேன்.

முதல் வேலை: எதுவும் செய்யாமல் பார்ப்பது

கோடைக் கடைசியில் எல்லாச் செடியும் வாட்டமாகத்தான் தெரியும். வாட்டத்தில் மூன்று வகை உண்டு. மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

மத்தியானம் வாடி, சாயங்காலம் தானாக நிமிர்ந்தால் அது வெயில் வாட்டம். வேர் உறிஞ்சுவதைவிட இலை வேகமாக நீரை விடுகிறது, அவ்வளவுதான். தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. மூடாக்கும் கொஞ்சம் நிழலும் போதும்.

விடியற்காலையிலும் வாடியே இருந்தால் அது தண்ணீர் வாட்டம். அன்றே ஊற்ற வேண்டும்.

மண் ஈரமாக இருந்தும் காலையில் வாடியிருந்தால் அது வேர் வாட்டம். வேர் அழுகியிருக்கலாம், நூற்புழு தாக்கியிருக்கலாம். இதற்கு மேலும் தண்ணீர் ஊற்றினால் செடி சீக்கிரம் போய்ச்சேரும். கனகாம்பரத்தில் இது அடிக்கடி வரும். ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். மணி மணியாக முடிச்சு இருந்தால் நூற்புழு. அந்தச் செடியை எரித்துவிட்டு, அந்த இடத்தில் செண்டுமல்லி போடுங்கள். செண்டுமல்லி வேரில் இருக்கிற ஒரு பொருள் நூற்புழுவைக் குறைக்கும். ஒரு போகம் முழுக்க நெருக்கமாக நின்றால்தான் பலன் தெரியும். ஒன்றிரண்டு செடி வைத்தால் தெரியாது.

ஆகவே முதல் மூன்று நாள் விடியலில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, சூரியன் சாய்ந்த பிறகு ஒரு தடவை தோட்டத்தைச் சுற்றிவாருங்கள். எந்தச் செடி எந்த வாட்டம் என்று மனசில் குறித்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்: தினமும் கொஞ்சம் என்பது தப்பு

தினம் ஒரு செம்பு ஊற்றுகிறவர்கள்தான் அதிகம். அந்தத் தண்ணீர் மேல்மண்ணில் இரண்டு அங்குலம் இறங்கி, வெயிலில் ஆவியாகிவிடும். வேரும் தண்ணீரைத் தேடி மேலே வந்துவிடும். மேலே வந்த வேர் ஒரு நாள் தண்ணீர் தவறினாலும் தாங்காது.

இன்னொரு கெடுதலும் இருக்கிறது. கோடைக் கடைசியில் ஆழ்துளைக் கிணற்று நீர் பல ஊரில் உப்புக் கூடித்தான் வரும். நீர் ஆவியாகும், உப்பு மண்ணிலேயே தங்கும். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிவது அதுதான். இலை நுனியும் ஓரமும் தீய்ந்த மாதிரி காய்ந்தால் உப்பு என்று சந்தேகப்படலாம். மல்லிக் கொழுந்து மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு. காரத்தன்மை கூடிய மண்ணில், கடினநீர் பாயும்போது இது வரும். மண்ணில் இரும்பு இருந்தும் செடியால் எடுக்க முடிவதில்லை. தொழுவுரமும் மக்கும் சேர்த்து மண்ணைச் சரிசெய்வதுதான் நிலையான வழி.

எங்கள் செம்மண்ணில் நாங்கள் செய்வது இது. மூன்று வயதுக்கு மேற்பட்ட மல்லிப் புதருக்கு நாலு நாளைக்கு ஒரு தடவை இரண்டு குடம். அடித்தண்டுக்கு ஊற்றுவதில்லை. கிளை நுனிக்கு நேர் கீழே வட்டமாகப் பாத்தி எடுத்து அதில் ஊற்றுகிறோம், உறிஞ்சுகிற வேர் அங்கேதான் இருக்கிறது. கரிசலாக இருந்தால் இடைவெளியைக் கூட்டலாம், மணலாக இருந்தால் குறைக்க வேண்டும். சந்தேகம் வந்தால் ஒரு குச்சியை ஒரு சாண் ஆழம் குத்தி எடுங்கள். குச்சியில் ஈரமண் ஒட்டினால் இன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். தொட்டிச்செடி கதை வேறு, கோடையில் அதற்குத் தினம் தண்ணீர் வேண்டும். ஆனால் வாரம் ஒரு தடவை அடித்துளையில் நீர் வடியும் வரை ஊற்றி உப்பைக் கழுவிவிடுங்கள்.

அரிசி களைந்த நீர், காய்கறி கழுவிய நீர் நேராகச் செடிக்குப் போகலாம். சோப்புத் தூள் கலந்த துணி துவைத்த நீர் நேராகப் பூச்செடிக்கு வேண்டாம். அதைக் கல்வாழை, வாழை நிற்கிற பாத்திக்குத் திருப்பிவிடுங்கள்.

கோடை மழை ஒன்றிரண்டு வந்தால் அதை விடாதீர்கள். கணக்கு சுலபம்: ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 500 சதுர அடி வீட்டுக் கூரை ஏறக்குறைய 46 சதுர மீட்டர். 20 மி.மீ. மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல். முதல் சில நிமிட அழுக்கு நீரை வெளியே விட்டுவிட்டு, மிச்சத்தைத் தொட்டியிலோ டிரம்மிலோ பிடியுங்கள். இந்த உப்பில்லாத நீரை மல்லிக்கும் கனகாம்பரத்துக்கும் ஒதுக்குங்கள்.

மூடாக்கு

வெறும் மண் தெரியக்கூடாது என்கிற பாடத்தைக் காட்டில் ஒழுங்காகச் செய்கிறோம், வீட்டு வாசலில் செய்வதில்லை. "சருகு கிடந்தா குப்பையா இருக்கு" என்று கூட்டி எரிக்கிறோம். வேப்பஞ்சருகு, புங்கஞ்சருகு, கடலைத்தொப்பி, கரும்புச்சோகை எதுவானாலும் நாலு விரல் கனத்துக்குப் போடுங்கள். முதலில் தண்ணீர், பிறகு மூடாக்கு. காய்ந்த மண்ணின் மேல் மூடாக்குப் போட்டால் வறட்சியைத்தான் மூடிவைத்தது போலாகும். தண்டிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளியே இருக்கட்டும், ஒட்டினால் பட்டை அழுகும். கறையான் வருகிற இடத்தில் மூடாக்கை ஈரமாக வைத்துக்கொண்டால் அது சருகோடு நின்றுவிடும், பச்சைத் தண்டுக்குப் போகாது.

கவாத்து: இப்போது கத்தியை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக்கூடாது

இந்த மாசத்தில் அதிகம் செடி சாவது இந்தத் தவறால்தான். "நல்லா வெட்டிவிட்டா நல்லாத் தழையும்" என்பது பொதுவான நம்பிக்கை. எந்த மாசம் என்பதை யாரும் சொல்வதில்லை.

குண்டுமல்லிக்குப் பெருங்கவாத்து நவம்பர் கடைசியில், கார்த்திகை வாக்கில். தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் வெட்டுவார்கள். ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி. கோடையில் பூத்துக்கொண்டிருக்கிற செடியை இடுப்பளவுக்கு வெட்டினால், சேர்த்துவைத்த சத்தும் போய், வெறும் தண்டு வெயிலில் வெந்து பட்டை வெடிக்கும். நான் அப்படி ஒரு நல்ல அடுக்குமல்லியை இழந்திருக்கிறேன்.

இப்போது செய்ய வேண்டியது நுனி கிள்ளுவது மட்டும். மல்லி புதுத்துளிரின் நுனியில்தான் பூக்கும். ஒரு சுற்றுப் பூ முடிந்த நுனியை இரண்டு கணு விட்டுக் கிள்ளினால் பக்கத்தில் துளிர் வரும், அந்தத் துளிரில் அடுத்த சுற்று மொக்கு. காய்ந்த குச்சி, தரையில் படர்ந்த நோஞ்சான் கிளை, ஒன்றோடொன்று உரசுகிற கிளை இவற்றை எடுத்துவிடலாம்.

செம்பருத்தியும் நந்தியாவட்டையும் முதல் நல்ல மழைக்குப் பிறகு மூன்றில் ஒரு பங்கு வெட்டு தாங்கும். அரளி எப்போது வெட்டினாலும் பிழைக்கும், ஆனால் அதன் பால் நஞ்சு. வெட்டினால் கை கழுவுங்கள். வெட்டிய அரளிக் கிளையை ஆடு மாடு மேய்கிற பக்கம் போடாதீர்கள், காய்ந்த இலையிலும் நஞ்சு இருக்கும். எரித்து அந்தப் புகையைச் சுவாசிப்பதும் கூடாது. குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.

ஊட்டம்: ஈரம் வந்த பிறகுதான்

காய்ந்த மண்ணில் உரம் போடாதீர்கள். பச்சைச் சாணியைச் செடி மூட்டில் கொட்டுவது அதைவிட மோசம். அது அங்கேயே நொதித்துச் சூடாகும், வேர் வெந்துவிடும்.

முதல் மழையோ ஒரு நல்ல பாய்ச்சலோ ஆன பிறகு, மல்லிப் புதர் ஒன்றுக்கு இரண்டு கூடை மக்கிய தொழுவுரமும் இரண்டு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கும் பாத்தியில் போட்டு லேசாகக் கொத்தி, மூடாக்கை மறுபடி இழுத்துவிடுங்கள்.

வீட்டுத் தோட்ட அளவுக்கு ஜீவாமிர்தம்: 10 லிட்டர் தண்ணீர், அரைக் கிலோ நாட்டுமாட்டுச் சாணம், அரை லிட்டர் கோமியம், 100 கிராம் வெல்லம், 100 கிராம் பயறு மாவு, வரப்போரத்து மண் ஒரு பிடி. நிழலில் வைத்து, காலையும் மாலையும் கலக்கிவிட்டு, 48 மணி நேரம் கழித்து எடுக்கலாம். ஈரமண்ணில், சாயங்காலம், செடிக்கு ஒரு செம்பு. பதினைந்து நாளைக்கு ஒரு தடவை போதும்.

பஞ்சகவ்யம் தெளிப்பதாக இருந்தால் லிட்டருக்கு 30 மில்லி, வடிகட்டி, வெயில் தாழ்ந்த பிறகு. வாடின செடியில் தெளிக்காதீர்கள். முதல் நாள் தண்ணீர், மறுநாள் தெளிப்பு.

பூச்சி: யார் யாரைத் தின்கிறார்கள் என்று பாருங்கள்

*செஞ்சிலந்திப் பேன்.* சூடும் வறட்சியும் இதற்குக் கொண்டாட்டம். மல்லி இலை மேல்பக்கம் மஞ்சள் புள்ளி, அடிப்பக்கம் மெல்லிய வலை. ஒரு வெள்ளைத் தாளைக் கீழே பிடித்துக் கிளையைத் தட்டுங்கள். விழுந்த புள்ளிகள் நகர்ந்தால் அதுதான். இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரை வேகமாக மூன்று நாள் விடியலில் பீய்ச்சினாலே பாதி குறையும். அடங்காவிட்டால் நனையும் கந்தகத் தூள் லிட்டருக்கு 2 கிராம், சாயங்காலம். வேப்ப எண்ணெய் தெளித்திருந்தால் இரண்டு வாரம் கழித்துத்தான் கந்தகம். இரண்டும் சேர்ந்தால் இலை கருகும்.

*மொக்குப் புழுவும் பூ ஈயும்.* மல்லி மொக்கில் துளையும் நூலும் இருந்தால் மொக்குப் புழு. மொக்கின் அடி வீங்கி ஊதாவாக மாறி உதிர்ந்தால் பூ ஈ. கீழே உதிர்ந்ததையும் சேர்த்து, கெட்ட மொக்குகளைத் தினம் பொறுக்கி அழிப்பது முதல் மருந்து. பூ ஈயின் புழு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகும். அதனால் மாசம் ஒரு தடவை மூடாக்கை ஒதுக்கி மேல்மண்ணை லேசாகக் கிளறி, ஒரு நாள் வெயில் காட்டுங்கள். கோழி இருந்தால் அந்த நேரத்தில் திறந்துவிடுங்கள், மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். அதோடு வேப்பங்கொட்டைக் கரைசல்: லிட்டருக்கு 50 கிராம் பருப்பை இடித்து, இரவு ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து அடிக்கலாம். காலையில் மொக்குப் பறித்து முடித்து, அன்று சாயங்காலம் அடியுங்கள். மறுநாள் பறிக்கிற பூவை ஒரு தடவை நீரில் அலசிக்கொள்ளுங்கள்.

*மாவுப்பூச்சி.* செம்பருத்தியில் மாவுப்பூச்சி தெரிந்தால் முதலில் எறும்பைத் தேடுங்கள். மாவுப்பூச்சி கழிக்கிற இனிப்புக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், பொறிவண்டை அண்டவிடாது. அடித்தண்டில் துணி சுற்றி விளக்கெண்ணெய் தடவி எறும்பு ஏறுவதைத் தடுத்தாலே பாதி வேலை முடிந்தது. கொழுந்து நுனியை வெட்டி சோப்பு நீரில் போடுங்கள். மிச்சத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள்.

அதன் பிறகு கொஞ்சம் பொறுங்கள். நான் அன்று பொறுக்காமல் போனதுதான் தப்பு. வெள்ளைப் பஞ்சுக்கு நடுவில் பெரிதாக, மெழுகு முடியோடு நகர்கிற ஒன்று தெரிந்தால் அதையும் மாவுப்பூச்சி என்று நசுக்கிவிடாதீர்கள். அது மாவுப்பூச்சியைத் தின்கிற பொறிவண்டின் குஞ்சாக இருக்கலாம்.

இதில் நம் தமிழ்நாட்டுக் கதையே ஒன்று இருக்கிறது. 2008-இல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாகத் தென்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று வரிசையாகப் பாழாக்கியது. வீட்டு வேலிச் செம்பருத்தியும் அதற்கு ஒரு தங்குமடம். அடித்த மருந்துக்குக் கணக்கில்லை, பூச்சி நிற்கவில்லை. 2010-இல் புவர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோஃபேகஸ் பப்பாயே என்கிற, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவுக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது மாவுப்பூச்சிக்குள்ளேயே முட்டையிட்டு, அதைத் தின்று வளரும். மருந்தால் ஆகாததை அந்தக் குளவி செய்து காட்டியது. அந்த மாதிரிச் சின்னக் குளவிகளுக்கும் வளர்ந்த பிறகு தேன் வேண்டும். அந்தத் தேனை நம் பூந்தோட்டம் தருகிறது.

தேனீக்கு ஐம்பது நாள் சோறு

மல்லியும் அடுக்குச் செம்பருத்தியும் நமக்கு அழகு, தேனீக்கு அதில் பெரிய பிரயோசனம் இல்லை. அதற்கு வேண்டியது ஒற்றை அடுக்குப் பூ, பொடிப் பூ. கதிர்விட்ட துளசி, தும்பை, ஆவாரை, செண்டுமல்லியில் ஒற்றை ரகம், சூரியகாந்தி, விதைக்கு விட்ட கொத்தமல்லி, முருங்கை. துளசிக் கதிரைக் கிள்ளிக்கொண்டே இருப்போம் அல்லவா, இந்த ஐம்பது நாளைக்கு இரண்டு செடியைக் கிள்ளாமல் விடுங்கள். ஒரு மண்தட்டில் கூழாங்கல் பரப்பி, கல் முழுகாத அளவு தண்ணீர் ஊற்றி நிழலில் வையுங்கள். கல்மேல் உட்கார்ந்து குடிக்கும், முழுகிச் சாகாது. தினம் தண்ணீர் மாற்றினால் கொசு வராது.

விதையும் நாற்றும்

பூவிதையைக் கடையில் வாங்குவது இப்போது பழக்கமாகிவிட்டது. கலப்பின விதையில் அடுத்த தலைமுறை அதே மாதிரி வராது. அத்தை காலத்து வாடாமல்லியும் கோழிக்கொண்டையும் இன்றும் எங்கள் வாசலில் நிற்கக் காரணம், ஆனியில் விதை எடுக்கிற பழக்கம்தான்.

*வாடாமல்லி:* செடியிலேயே பழுப்பாகக் காய்ந்த பூவை முழுசாகப் பறித்து வைத்தால் போதும், விதை உள்ளே இருக்கும்.

*கோழிக்கொண்டை:* கொண்டையைத் தாளின்மேல் தட்டினால் பளபளப்பான கறுப்பு விதை கொட்டும்.

*செண்டுமல்லி:* காய்ந்த பூவைப் பிரித்தால் ஊசி போல விதை. பெரிய பூ, நோயில்லாத செடி பார்த்து எடுங்கள்.

*கனகாம்பரம்:* காய்ந்த கதிரில் ஈரம் பட்டதும் காய் வெடித்து விதை தெறிக்கும். மழைக்கு முன்பே கதிரைப் பறித்து, பாத்திரத்தில் போட்டு மேலே துணி மூடித் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், குழந்தைகளுக்கும் நல்ல வேடிக்கை. டெல்லி கனகாம்பரத்தில் விதை பிடிக்காது, அதைக் குச்சி வைத்துத்தான் பெருக்க வேண்டும்.

விதையை நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து, துணிப்பையில் போட்டு, பெயரும் மாசமும் எழுதிவையுங்கள்.

குண்டுமல்லிக்கு விதை கிடையாது. குச்சி அல்லது பதியம். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மல்லிக்கே நாற்று பெரும்பாலும் ராமேஸ்வரம் தீவில் இருக்கிற தங்கச்சிமடம் பக்கமிருந்துதான் வருகிறது. நம் வீட்டுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நல்லாப் பூக்கிற செடியில் தாழ்ந்த கிளை ஒன்றை வளைத்து, ஒரு கணுவுக்குக் கீழே பட்டையை லேசாகச் சுரண்டி, மண்ணில் புதைத்து, மேலே ஒரு கல் வையுங்கள். ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் இரண்டு மூன்று மாசத்தில் வேர் பிடிக்கும். புரட்டாசியில் தாயிடமிருந்து வெட்டி நட்டால் ஐப்பசி மழை அதை நிலைநிறுத்திவிடும்.

செவ்வந்தியில் பக்கக் கன்றுகளைப் பிரித்து இப்போது நட வேண்டும். நட்ட நாலாம் வாரம் நுனி கிள்ளினால் கிளை கூடும். பொழுது குறுகக் குறுகத்தான் அது மொட்டு வைக்கும். தெருவிளக்கு வெளிச்சம் இரவெல்லாம் விழுகிற இடத்தில் நட்டால் பூக்கத் தாமதமாகும். இடம் பார்த்து நடுங்கள். சம்பங்கிக் கிழங்கு நடவும் ஜூன், ஜூலைதான். செண்டுமல்லியை ஆடி முதல் வாரம் விதைத்தால் புரட்டாசியில், ஆயுதபூஜை வாக்கில் பூ கைக்கு வரும்.

ஐம்பது நாள் கணக்கு

முதல் 10 நாள்: சுற்றிப் பார்த்து வாட்டம் பிரித்தல். பாத்தி எடுத்து ஆழமாகத் தண்ணீர். மூடாக்கு. தேனீக்குத் தண்ணீர்த் தட்டு.

11 முதல் 25 வரை: காய்ந்த குச்சி நீக்கல், நுனி கிள்ளல். செஞ்சிலந்தி, மாவுப்பூச்சி பார்த்தல், எறும்பு தடுத்தல். விதை எடுத்தல்.

26 முதல் 40 வரை: மழையோ பாய்ச்சலோ ஆனதும் தொழுவுரம், வேப்பம்புண்ணாக்கு, ஜீவாமிர்தம். மல்லிப் பதியம். செவ்வந்திக் கன்று, சம்பங்கிக் கிழங்கு நடவு.

41 முதல் 50 வரை: ஆடிக் காற்றுக்கு முட்டு. முல்லைப் பந்தல் கால், கொடிக் கயிறு எல்லாம் இறுக்கிக் கட்டுங்கள், புதுக்கன்றுக்குக் குச்சி ஊன்றுங்கள். காய்கறிப் பாத்தி ஓரத்தில் செண்டுமல்லி, சூரியகாந்திக்கு இடம் ஒதுக்குங்கள். தக்காளி ஓரத்தில் செண்டுமல்லி நின்றால் காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி அதில் முட்டை வைக்கப் போகும், புழுவை அங்கேயே பொறுக்கிவிடலாம்.

செலவு என்று பார்த்தால் வேப்பம்புண்ணாக்கும் வெல்லமும்தான். மற்றதெல்லாம் நம் வீட்டிலேயே இருக்கிறது.

கொசுத்தேனீ எங்கள் மண்சுவருக்குத் திரும்ப வர ஒரு வருசத்துக்கு மேல் ஆனது. போன ஆடியில் விதைத்த பரங்கிக்கு நாங்கள் கைவைக்கவில்லை. விடியற்காலை பூவுக்குள் எட்டிப் பார்த்தால் மஞ்சள்தூள் அப்பிக்கொண்டு நாலைந்து உருண்டுகொண்டிருந்தன. அத்தை அதைப் பார்த்துவிட்டு, "ஆள் வந்தாச்சு, நீ போயி அடுப்பப் பாரு" என்றார்.

நாளை விடியலில் உங்கள் செம்பருத்தி வேலிக்குப் போய்க் கால்மணி நேரம் சும்மா நின்று பாருங்கள். எத்தனை வகை ஈ, குளவி, வண்டு வருகிறது என்று எண்ணி எழுதிவையுங்கள். ஆடி பிறந்ததும் அதே இடத்தில் இன்னொரு தடவை எண்ணுங்கள். இரண்டாவது எண்ணிக்கை கூடியிருந்தால், உங்கள் ஆடிப்பட்டத்துக்கு ஆள் தயார்.